சந்தில் நின்ற ஜெனரேட்டர்

கல்யாண வரவேற்பில் கரண்ட் போனால் பெண்ணைப் பெற்றவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. சமையல்காரர் அடுப்படியிலிருந்து கத்துவார், வீடியோக்காரர் தலையில் கை வைப்பார், மாப்பிள்ளை வீட்டில் யாராவது ஒரு பெரியவர் "இது என்னா மண்டபம்?" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவார். இதெல்லாம் வழக்கம்தான். ஆனால் முத்தியால்பேட்டை மண்டபத்தில் அன்று சாயங்காலம் கரண்ட் போனபோது ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அந்த ஆள் வேறு யாருமில்லை, மேடையில் மாலையும் கழுத்துமாக நின்ற கல்யாணப் பெண் சரிதாதான்.

"ஐயையோ" என்றது கூட்டம்.

"வந்துட்டியா, வா வா" என்றாள் சரிதா, வாய்க்குள்ளேயே.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் ஒருமுறை செருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. விளக்குகள் வந்தன. மின்விசிறிகள் சுழன்றன. அதற்கப்புறம் கூரையோரம் வரிசையாக இருந்த எட்டு ஏசிகளில் இரண்டின் பச்சை விளக்கு எரிந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. இன்னும் சற்றுப் பொறுத்து நான்காவது. ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல், சமர்த்தாக. சரிதாவுக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் கோட்டு சூட்டில் விறைத்து நின்ற மாப்பிள்ளையின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"பாத்தீங்களா? ஒண்ணு ஒண்ணா வருது!"

"எது?" என்றான் இனியவன். அரியாங்குப்பத்துப் பையன், பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு இருவரும் போனில் பேசியதெல்லாம் சாப்ட்டியா, தூங்கினியா ரகம்தான். அவள் அவன் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. பாவம், அதுவும் ஏசிக்காக.

"ஏசிங்க! ஏசி!"

"அண்ணே, பொண்ணைக் கேமராவப் பாக்கச் சொல்லுங்க" என்றார் போட்டோக்காரர்.

காரணத்தைச் சொல்லாவிட்டால் உங்களுக்குச் சரிதா மறை கழன்றவளாகத்தான் தெரிவாள். சொல்லிவிடுகிறேன்.

சரிதாவும் அவள் தோழி வேம்புவும் சேர்ந்து ஒரு சின்னக் கம்பெனி நடத்துகிறார்கள். கட்டடத்துக்கு மூளை வைக்கிற வேலை என்று சரிதா பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். "ஏசியப் போட்டு நிறுத்துறதுக்கு ரெண்டு இன்ஜினியரா?" என்று சொந்தக்காரர்கள் வாரினார்கள். வாரட்டும். அந்த மண்டபம் முன்பு எப்படி இருந்தது என்று அவர்களுக்கு என்ன தெரியும்? சாவி வாங்கின நிமிஷத்திலிருந்து எட்டு ஏசியும் ஓடும். எல்லோரும் பந்தியில் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருப்பார்கள், ஹாலில் ஏசி காலி நாற்காலிகளுக்குக் காற்று கொடுத்துக்கொண்டிருக்கும். வாசல் கதவு ஆவென்று திறந்தே கிடக்கும். முத்தியால்பேட்டைத் தெருவையே குளிர வைக்கப் பார்த்தார்கள் அந்தக் காலத்தில். அந்தக் காலம் என்றால் போன வருஷம்தான்.

சரிதாவும் வேம்புவும் அதைத்தான் மாற்றினார்கள். ஹாலில் மூன்று இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பெட்டிகள், அதாவது சென்சார்கள். வாசலோரம் ஒன்று, நடுத்தூணில் ஒன்று, இடது சுவரில் ஒன்று. எவ்வளவு சூடு, எவ்வளவு பேர் மூச்சு விடுகிறார்கள் என்று அவை பார்த்துச் சொல்லும். பின்னால் பேனல் ரூமில் இருக்கும் பெரிய பெட்டி அதைக் கேட்டு, எத்தனை ஏசி ஓடினால் போதும் என்று தானே முடிவு செய்யும். ஆள் குறைந்தால் காற்றும் குறையும். கரண்ட் போய் ஜெனரேட்டரில் ஓடும்போது அதன் சக்தி தெரிந்து நாலு நாலாக மாற்றி மாற்றி ஓட்டும். வைத்த முதல் மாதமே மண்டபம் தின்கிற கரண்டில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோனது.

அதையும் நம்பாத மனுஷன் ஒருவர் உண்டு. மண்டபத்தின் சொந்தக்காரர் ஷார்ல். பிரான்சில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பி, அப்பா வைத்துவிட்டுப் போன மனையில் மண்டபம் கட்டியவர். தெருவே அவரைப் பிரெஞ்சு மரியாதையோடு முசியே என்றுதான் கூப்பிடும். கோடைக்கு இருக்கிற ஜெனரேட்டர் போதாது, இன்னொன்று வாங்கப் போகிறேன் என்று நின்றார். வேண்டவே வேண்டாம், ஒன்றே போதும், பெட்டி பார்த்துக்கொள்ளும் என்றாள் சரிதா.

"உன் கல்யாணம் இங்கதான?" என்றார் ஷார்ல். "அலோர், அப்படின்னா வரவேற்பன்னிக்குக் கரண்ட் போவட்டும், பாத்துடுவோம். மொத ஆள் உள்ள வந்ததிலேருந்து கடைசிப் பந்தி முடியற வரைக்கும் பேனல்ல யாரும் கை வெக்கக் கூடாது. நீயும் வெக்கக் கூடாது, அந்தப் பொண்ணு வேம்புவும் வெக்கக் கூடாது. ஆள் பக்கத்துல நின்னு பாத்துக்கணும்னா அதுக்கு எங்கிட்ட எலக்ட்ரீஷியன் இருக்கான். ஒன் பெட்டி எதுக்கு?"

"தாங்கிடுச்சுன்னா?"

"பீச்சாண்ட நம்ம ஓட்டலு இருக்குல்ல, அதையும் நீதான் பண்ணுற. தாங்கலன்னா பெட்டியக் கழட்டிட்டு ஜெனரேட்டர் வாங்கிடுவேன். கோச்சுக்கக் கூடாது."

அந்த ஓட்டல் வந்தால் கம்பெனி நிற்கும். வராவிட்டால் வேம்பு சென்னைக்கு வேலை தேடிப் போக வேண்டியதுதான், சரிதா வீட்டில் உட்கார்ந்து வாழ்த்து அட்டைகளைப் பிரித்துப் படிக்க வேண்டியதுதான். அதனால்தான் கத்திரி வெயில் காலத்தில் தன் கல்யாணத்தன்று கரண்ட் போகாதா போகாதா என்று ஒருத்தி சாமியைக் கும்பிட்டாள். அப்பா கிருஷ்ணசாமி மட்டும் ஒருநாள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார், "எதுக்கும் வாடகைக்கு ஒரு ஜெனரேட்டரு சொல்லி வெக்கட்டுமாம்மா?" என்று. "அப்பா, நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?" என்று பாய்ந்தாள். அவரும் "சரிம்மா" என்று போய்விட்டார்.

சரி, மேடைக்கு வருவோம்.

நான்கு பச்சை விளக்கோடு ஹால் ஜம்மென்று இருந்தது. போட்டோவுக்கு நிற்கும் வரிசை நகர்ந்தது. சரிதாவின் கால் தரையில் இல்லை. ஷார்லுடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று அவளுக்கு அரித்தது. கையில் போன் இருந்தாலாவது வேம்புவைக் கேட்கலாம். "கல்யாணப் பொண்ணு கையில போனு எதுக்கு?" என்று அம்மா அஞ்சலாட்சி பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, காவல்காரி மாதிரி மேடைப் படியருகிலேயே நின்றாள்.

அப்போதுதான் ஐந்தாவது விளக்கு எரிந்தது.

சரிதா சிரித்துக்கொண்டே புருவத்தைச் சுளித்தாள். ஜெனரேட்டரில் ஓடும்போது நாலுக்கு மேல் போகக்கூடாதே? ஆறாவது எரிந்தது. பெரியம்மா ஒருத்தி கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தாள். ஏழாவதும் எரிந்தது. பின்சுவருக்கு அப்பால் ஹும்மென்று இருந்த சத்தம் முனகலாக மாறியது. விளக்குகள் ஒருமுறை மங்கித் தெளிந்தன.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது, எது இப்படிச் செய்ய வைக்கிறது என்று. அவளே எழுதியதுதான். தன் கல்யாணத்துக்கு வருகிற ஒருத்தருக்கும் வேர்க்கக் கூடாது என்று ஆசைப்பட்டு, போன வாரம் பெட்டிக்குள் புதிதாக ஒரு கட்டளையைச் சேர்த்திருந்தாள். எந்த மூலையிலாவது சூடு ரொம்ப ஏறினால் மற்றதையெல்லாம் மறந்துவிட்டுக் காற்றைக் கொட்டு என்று. எங்கேயோ சூடு ஏறியிருக்கிறது. எங்கே?

பட்டுப்புடவை தடுக்கத் தடுக்க வேம்பு மேடை ஏறி வந்தாள். போட்டோவுக்கு நிற்பதுபோல் சரிதாவை ஒட்டி நின்று, பல்லைக் காட்டிக்கொண்டே காதில் பேசினாள்.

"லேப்டாப்புல பாத்துட்டு வரேன்டி, அதுல பாக்கத்தான் முடியும், மாத்தணும்னா பேனலுக்குத்தான் போவணும். எடது பக்கச் சுவரு தீயா காட்டுது. அந்தப் பக்கத்து ஏசி போயிடுச்சு போலருக்கு. பெட்டி பயந்துபோயி எல்லாத்தையும் ஓட்டுது. எட்டாவதும் வந்துச்சுன்னா ஜெனரேட்டரு தாங்காது."

"முசியே?"

"பேனல் ரூம் வாசல்ல சேர் போட்டு, கால் மேல கால் போட்டு உக்காந்திருக்காரு. ஈ கூட உள்ள போவ முடியாது." வேம்பு கேமராவைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு சொல்லணும். கத்தாத. உங்கப்பா பின்னாடி சந்துல வாடகை ஜெனரேட்டரு நிறுத்தி வெச்சிருக்காரு. வண்டியோட. கேபிள் போட்டுடட்டுமான்னு கேட்டு வரச் சொன்னாரு."

"ரெடி, ஸ்மைல்!" என்றார் போட்டோக்காரர். அந்தப் படத்தை இப்போது ஆல்பத்தில் பார்த்தாலும் தெரியும், சரிதாவின் முகம் அழப்போகிற குழந்தையின் முகம் மாதிரி இருக்கிறது.

அப்பாவே நம்பவில்லை. ஊரெல்லாம் சிரித்தபோது "எம் பொண்ணு சொன்னா சரியா இருக்கும்" என்று ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்து வாதாடிய அப்பா. சரிதாவால் கோபப்படவும் முடியவில்லை. ஒரு வார்த்தை சரி என்று சொன்னால் போதும், கேபிளைப் போட்டுவிடுவார்கள், ஹால் தப்பிக்கும், வந்தவர்கள் யாருக்கும் எதுவும் தெரியாது. ஷார்லுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லி ஜெனரேட்டர் படுத்துவிட்டாலோ, இத்தனை சொந்தமும் இருட்டில் வேகும், நடுவில் அம்மா நின்று அழுவாள்.

"அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கச் சொல்லு" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "கேபிளைத் தொட வேணாம்னு சொல்லு."

சொல்லிவிட்டு இடது பக்கம் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்தியிருந்தார்கள். ஒரு கைக்குழந்தையைத் துண்டால் சுற்றியிருந்தார்கள். ஒரு தாத்தா தும்மினார். தீயாக எரியும் இடத்தில் எவனாவது தும்முவானா? ஏசி போகவில்லை. சுவர்தான் பொய் சொல்கிறது. ஏன் பொய் சொல்கிறது என்று அவள் கண் சுவரோரமாக நகர்ந்தது. அங்கே போய் நின்றது. "ஐயோ மாமா!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள்.

பாவாடை மாமா, அஞ்சலாட்சியின் ஒரே தம்பி. பாகூரில் நெல்லும் கரும்பும் போடுகிறவர். தங்கமான மனுஷன், ஆனால் மூக்கு நுனியில் கோபம். சரிதாவுக்கு மஞ்சள் நீராட்டு நடந்தபோது தாய்மாமன் தட்டை இரண்டாவதாக வைத்துவிட்டார்கள் என்று இலையில் உட்காராமலே எழுந்து போனவர். இரண்டு வருஷம் அக்கா வீட்டு வாசல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கதையையெல்லாம் கழுவித் துடைக்கிற மாதிரி இந்தக் கல்யாணத்துக்கு ஒரு சீர் கொண்டுவந்திருந்தார், ஆள் உயரத்துக்கு இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ். அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்து மூலையில் வைத்துவிட்டுப் போகிற ஆளா அவர்? மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, இடது சுவரோரம் நிறுத்தி, பிளக்கைச் செருகி ஓடவும் விட்டிருந்தார். உள்ளே நிறையப் பன்னீர் சோடா. வருகிறவர்கள் எல்லோரையும் கையைப் பிடித்து இழுத்து, கதவைத் திறந்து, "பாருங்க, உள்ள லைட்டு எரியுது" என்று காட்டி, ஆளுக்கொரு பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார். கதவு மூடினால்தானே ஃபிரிட்ஜுக்கு ஓய்வு? அது நிறுத்தாமல் ஓடி, தன் சூட்டையெல்லாம் பின்னால் கக்கி, அந்தச் சூடு நேராக மேலே ஏறி, மேலே இருந்த வெள்ளைப் பெட்டியை வேகவைத்துக்கொண்டிருந்தது.

அந்த பிளக் பாயிண்டை யார் அங்கே வைக்கச் சொன்னது? சரிதாதான். சென்சாருக்கு நேர் கீழே இருந்தால் லேப்டாப்பைச் செருகிக்கொண்டு வேலை பார்க்க வசதி என்று மேஸ்திரியோடு சண்டை போட்டு வைக்கச் சொன்னாள். எத்தனையோ யோசித்தவள், கல்யாண மண்டபத்தில் ஒரு பிளக் பாயிண்ட் சும்மா இருந்தால் அதில் ஒரு தாய்மாமன் சீரைச் செருகுவார் என்று யோசிக்கவில்லை.

"நான் போயி புடுங்கிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினாள் வேம்பு.

படியில் நின்ற அஞ்சலாட்சி அவள் கையை எட்டிப் பிடித்தாள். "எதைப் புடுங்கப் போற? எந் தம்பி சீரையா? ஓடுற ஃபிரிட்ஜ அத்தனை பேர் முன்னாடி நிறுத்தினா அவன் செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிடுவான். நாளைக்கு முகூர்த்தத்துக்கு மாமன் இல்லாம நான் என்னா பண்ணுவேன்? வேணாம்டியம்மா, ஒன் காலுல வேணா விழறேன்."

விளக்குகள் மறுபடி மங்கின. இந்தத் தடவை தெளிவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"என்னா பிரச்சனை?" என்றான் இனியவன். "எனக்கும் சொல்லுங்க. நானும் இந்தக் கல்யாணத்துலதான் இருக்கேன்."

சரிதா அவனைத் திரும்பிப் பார்த்தாள். சொன்னால் சிரிப்பானா? ஏசியப் போட்டு நிறுத்துறதுக்கு ஒரு இன்ஜினியரா என்று இவனும் கேட்பானா? கேட்டால் கேட்கட்டும் என்று மூச்சு விடாமல் கொட்டினாள்: முசியே போட்ட கண்டிஷன், சென்சார், ஃபிரிட்ஜ், சந்தில் நிற்கிற வண்டி, மாமாவின் கோபம், எல்லாவற்றையும். மாலை போட்டுக்கொண்டு ஒரு பெண் மாப்பிள்ளையிடம் அவ்வளவு வேகமாகப் பேசி அந்த மண்டபம் பார்த்ததில்லை.

அவன் சிரிக்கத்தான் செய்தான். ஆனால் அது வேறு சிரிப்பு. "அவ்ளோதான? பேனலத் தொடக்கூடாது. ஃபிரிட்ஜ நவுத்தணும். மாமாவும் கோவிச்சுக்கக் கூடாது."

"எங்க நவுத்துனாலும் ஏன்னு கேப்பாரு."

"எங்க நவுத்துனா கேக்கமாட்டாரு?"

சரிதா மண்டபத்தை ஒரு சுற்று பார்த்தாள். பிறகு அவள் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "மேடைக்கு! மேடையில சென்சாரே இல்லீங்க, ஃபோகஸ் லைட்டு சூடுன்னு நாங்க வெக்கவே இல்ல! மேடையில பிளக்கும் இருக்கு. ஆனா நானே எஞ் சீரை மேடைக்குக் கொண்டான்னு கேட்டா நல்லாவா இருக்கும்?"

"நீ ஏன் கேக்கற? நான் கேக்குறேன்."

கேட்கிறேன் என்றவன் மைக்கைத் தேடவில்லை. கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டான். வரவேற்பு நடுவில் மாப்பிள்ளை இறங்கி நடந்தால் என்ன ஆகும்? ஹாலே நிமிர்ந்து உட்கார்ந்தது. அவன் அம்மா எழுந்து நின்றாள். வீடியோக்காரர் கேமராவோடு பின்னால் ஓடினார். இனியவன் நேராக ஃபிரிட்ஜ் முன்னால் போய், பாவாடை மாமாவைக் கும்பிட்டான்.

"மாமா, நீங்களும் உங்க சீரும் இப்படி ஓரமா இருந்தா எப்படி? மேடைக்கு வரணும். நானே அழைச்சிக்கிட்டுப் போவலாம்னு வந்தேன்."

"ஏன் மாப்ள, இங்க இருந்தா என்னா?" என்றார் மாமா. கண்ணில் சந்தேகம் எட்டிப் பார்த்தது.

"இங்க இருந்தா போட்டோவுல விழாது மாமா."

அந்தச் சந்தேகம் போன இடம் தெரியவில்லை. மாமா மீசையைத் தடவினார், சுற்றிலும் பார்த்தார். "மாப்பிள்ளையே வந்து கூப்புடறாரு, கேட்டுக்கங்கப்பா" என்று யாரிடம் சொன்னாரோ, பாகூர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்டது. பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கினார். "பேண்டு எங்க? பேண்டு வாசிக்கச் சொல்லு, சீரு சும்மா போவக் கூடாது!"

அப்போதுதான் எட்டாவது பச்சை விளக்கு எரிந்தது.

ஜெனரேட்டர் ஊளையிட்டது. விளக்குகள் மஞ்சளாகிச் சிவந்தன. மின்விசிறிகள் சோம்பின. கூட்டம் "ஓ" என்று இழுத்தது. பேனல் ரூம் பக்கம் ஷார்ல் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பது சரிதாவுக்கு மேடையிலிருந்து தெரிந்தது. பின்வாசலில் அப்பா, கையில் கேபிளின் முனையைப் பிடித்துக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டு. சரிதா தலையை ஆட்டினாள். வேணாம்பா. இன்னும் கொஞ்சம்.

"தூக்குங்கடா!" என்று கத்தினான் இனியவன். பி.டி. வாத்தியார் குரல் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அந்த ஊருக்குத் தெரிந்தது. மாலையையும் கோட்டையும் கழற்றி யார் மடியிலோ போட்டான். "அந்த ஓரத்த நீங்க புடிங்க. சாய்க்காதீங்க, பாட்டில் உருளும்! லெஃப்ட், ரைட், லெஃப்ட், ரைட்!" பேண்டும் அதற்குச் சரியாக அடித்தது. மாலை போட்ட ஃபிரிட்ஜ், உள்ளே சோடா பாட்டில்கள் கலகலக்க, மங்கின வெளிச்சத்தில் சாமி புறப்பாடு மாதிரி நடுப்பாதையில் வந்தது. முன்னால் பாவாடை மாமா, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையை வீசி வழி விலக்கிக்கொண்டு வந்தார். சனங்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள்.

சரிதா ஃபிரிட்ஜைப் பார்க்கவில்லை. காலியான இடது சுவரைப் பார்த்தாள். எட்டு ஏசிக் காற்றும் இப்போது அந்த வெள்ளைப் பெட்டிமேல் தடையில்லாமல் அடித்தது. ஆறு, ஆறு, சீக்கிரம் ஆறித் தொலை, என் கண்ணில்ல என்று அதைக் கெஞ்சினாள். நிமிஷம் நகரவே மாட்டேனென்றது. ஃபிரிட்ஜ் படி ஏறியது. மாமா தன் கையாலேயே மேடை பிளக்கில் செருகி, கதவைத் திறந்து லைட்டு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டார்.

எட்டாவது விளக்கு அணைந்தது.

"ஒண்ணு!" என்றாள் சரிதா.

ஏழாவது. ஆறாவது. ஒவ்வொன்றுக்கும் அவள் குதித்தாள், தலையிலிருந்த பூவெல்லாம் சரிந்தது. ஐந்தாவது அணைந்தபோது பின்சுவர் ஊளை அடங்கி, பழையபடி ஹும்மென்று ஆனது. விளக்குகள் பளீரென்று வெளுத்தன. சரிதா வேர்த்து வழிந்து நின்ற மாப்பிள்ளையின் கையை இரண்டாம் தடவை பிடித்தாள். இந்தத் தடவை ஏசிக்காக இல்லை. இப்படி ஒருத்தனையா சாப்ட்டியா தூங்கினியா என்று கேட்டு வீணடித்தோம் என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மாமாவிடம் மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் இழுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அஞ்சலாட்சி கண்ணை மூடிக்கொண்டாள். மாமா கேட்டார், யோசித்தார், ஃபிரிட்ஜைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எம் மருமவ மெஷினையே எஞ் சீரு கலங்கடிச்சிடுச்சா! கேட்டியாக்கா? சாதாரண ஃபிரிட்ஜா வாங்குனேன் நானு?" அடுத்த அரைமணி நேரம் மேடையேறிய அத்தனை பேரும் அந்தக் கதையைக் கேட்காமல் இறங்க முடியவில்லை. ஃபிரிட்ஜின் சூடு கெண்டைக்காலைச் சுட்டாலும் சரிதாவும் இனியவனும் சிரித்துக்கொண்டே நின்றார்கள்.

கடைசிப் பந்தி முடிந்தபோதும் கரண்ட் வரவில்லை. ஷார்ல் கையில் பூங்கொத்தோடு மேடையேறினார். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

"பேனலத் தொடல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். மே, ஆனா ஃபிரிட்ஜத் தொட்டீங்க."

"ஃபிரிட்ஜ் எங்க மாமா சீரு முசியே. உங்க பேனல் இல்ல."

ஷார்ல் உதட்டைப் பிதுக்கினார். "போன்" என்றார் கடைசியில், பிரெஞ்சில் 'நல்லது' என்று. "மறு அழைப்பு, விருந்து எல்லாம் முடிச்சிட்டு ஓட்டலுக்கு வா. ரூமுக்கு ரூம் பிளக் பாயிண்ட் எங்க இருக்குன்னு மொதல்ல பாத்துடு." வேம்பு அங்கேயே, அத்தனை பேர் முன்னால், அவர் கையைப் பிடித்து ஆட்டிய ஆட்டில் பூங்கொத்து கீழே விழுந்தது.

எல்லோரும் இறங்கிய பிறகு அப்பா வந்தார். கூடவே லுங்கி கட்டிய ஒரு ஆள், வாயில் வெற்றிலை. கிருஷ்ணசாமி மகளின் முகத்தைப் பார்க்காமல் மேடைத் தரையைப் பார்த்தார்.

"இவருதாம்மா வண்டிக்காரரு. பாத்துட்டுப் போறேன்னாரு."

"வாழ்த்துக்கள்மா" என்றார் வண்டிக்காரர். "ஒரு தடவ கூட ஸ்டார்ட் பண்ணல. ரெண்டு தடவ பாயசம் வாங்கிச் சாப்ட்டதுதான் நான் பாத்த வேலை."

சரிதா சிரித்தாள். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏம்பா, என்னை நம்பலியா நீங்க?"

"நம்பினேம்மா. ஆனா பயமும் இருந்துது." அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேபிளக் கையில வெச்சிக்கிட்டு நின்னேன் பாரு, அப்ப நீ வேணாம்னு தலைய ஆட்டுன. எனக்கு என்னமோ ஆயிடுச்சு. கீழ போட்டுட்டேன்."

வண்டிக்காரர் மணியைப் பார்த்தார். "அப்ப நான் கெளம்பறேங்க. நாளைக்குக் காலைல இந்தப் பக்கமே வர வேணாம்தானே?"

சரிதா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நாளைக் காலைதான் முகூர்த்தம். தாலி கட்டுகிற நேரம். இன்னும் கரண்ட் வரவில்லை, பின்னால் அந்த ஒற்றை ஜெனரேட்டர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, வண்டிய இப்பவே அனுப்பறீங்களா? காலைலயும் கரண்ட் போச்சுன்னா?"

கிருஷ்ணசாமி இப்போதுதான் மகளை நேராகப் பார்த்தார்.

"போனா போவட்டும்மா" என்றார்.

அவ்வளவு நேரம் அழாத சரிதா அப்போது அழுதுவிட்டாள். பின்சந்தில் வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. பாவாடை மாமா ஒரு பன்னீர் சோடாவைத் திறந்து அவள் கையில் கொடுத்தார்.